நிறத்தைக் கொண்டு விண்மீன்களின் வெப்பநிலையை அளப்பது எப்படி: காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

கையால் வெளிச்சத்தையும் குவியத்தையும் அமைக்கக்கூடிய ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, அசையாத முக்காலி, கூட்டல் கழித்தலுக்கு ஒரு கணினி ஆகியவை இருந்தால், தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ வீட்டு மொட்டை மாடியில் நின்றபடியே பல ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலையைச் சில நூறு கெல்வின் பிழைக்குள் கணக்கிட முடியும். தொலைநோக்கி கட்டாயமில்லை. பள்ளி மேல்நிலை வகுப்பு இயற்பியலும் மடக்கைக் கணக்கும் போதும். ஆனால் இந்த அளவீடு எல்லா விண்மீன்களுக்கும் ஒரே தரத்தில் அமைவதில்லை; எந்த விண்மீனில் விடையை நம்பலாம், எதில் நம்பக் கூடாது என்பதை அறிந்து செய்வதுதான் இதில் முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே செய்முறைக்குத் தரும் இடத்தை அதன் எல்லைகளுக்கும் தருகிறேன்.

அடிப்படை எளிது. சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளில் உலையில் ஏறும் உலோகம் முதலில் கருஞ்சிவப்பாகவும், பிறகு ஆரஞ்சாகவும், மேலும் சூடேறும்போது மஞ்சளாகவும் ஒளிர்வதைப் பார்க்கலாம். சூடான எந்தப் பொருளும் இவ்வாறே ஒளிர்கிறது. வெப்பநிலை கூடக் கூட அதன் ஒளியில் நீலத்தின் பங்கு கூடுகிறது. 1893இல் வில்ஹெல்ம் வியன் கண்ட இடப்பெயர்ச்சி விதியின்படி, ஒளிர்வு உச்சமாக இருக்கும் அலைநீளத்தை நானோமீட்டரில் பெற, ஏறத்தாழ 28,98,000 என்ற எண்ணைக் கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுத்தால் போதும். 5,772 கெல்வின் உள்ள சூரியனுக்கு உச்சம் 502 நானோமீட்டரில் அமைகிறது. ஏறக்குறைய 3,600 கெல்வின் உள்ள திருவாதிரைக்கு அது 805 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. ஏறக்குறைய 12,000 கெல்வின் உள்ள ரிகல் விண்மீனுக்கு 240 நானோமீட்டர், அதாவது புற ஊதா. பெரும்பாலான விண்மீன்களின் உச்சம் கண்ணுக்கும் சாதாரணக் கேமராவுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். எனவே உச்சத்தைத் தேடாமல், எட்டுகின்ற இரண்டு நிறங்களில் ஒளி எந்த விகிதத்தில் வருகிறது என்று அளக்கிறோம். கரும்பொருள் என்பது தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சி, தன் வெப்பநிலைக்கு ஏற்ப மட்டுமே ஒளிரும் பொருள்; விண்மீன்கள் ஏறத்தாழ அப்படி ஒளிர்கின்றன. 1900இல் மாக்ஸ் பிளாங்க் தந்த கரும்பொருள் கதிர்வீச்சுச் சமன்பாடு அந்த விகிதத்தையும் வெப்பநிலையையும் இணைக்கிறது.

நிற எண்

வானியலில் அந்த விகிதத்தை நிற எண் என்ற வடிவில் எழுதுவார்கள். 1953இல் ஹெரால்ட் ஜான்சனும் வில்லியம் மார்கனும் வகுத்த முறையில், ஏறத்தாழ 440 நானோமீட்டரை மையமாகக் கொண்ட நீல வடிகட்டி வழியாகவும், ஏறத்தாழ 550 நானோமீட்டரை மையமாகக் கொண்ட பச்சை-மஞ்சள் வடிகட்டி வழியாகவும் விண்மீனின் பொலிவெண், அதாவது அதன் பிரகாசத்தைக் குறிக்கும் எண், தனித்தனியாக அளக்கப்படுகிறது. முதலாவதற்குப் பி என்றும் இரண்டாவதற்கு வி என்றும் பெயர். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பது பி−வி நிற எண். பொலிவெண் பெரிதானால் ஒளி குறைவு என்று பொருள் என்பதால், நீலத்தில் மங்கலான, அதாவது சிவந்த விண்மீனுக்கு நிற எண் பெரிதாக வரும். நீல விண்மீனுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே போகும். பூச்சியம் என்றால் இரண்டு நிறத்திலும் ஒளி சமம் என்று கொள்ளக் கூடாது. அபிஜித் எனப்படும் வேகாவை ஒத்த வெண்ணிற விண்மீன்களுக்குப் பூச்சியம் வரும்படி அளவுகோல் அமைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

நிற எண்ணிலிருந்து வெப்பநிலைக்குச் செல்ல, 2012இல் ஸ்பெயின் நாட்டு வானியலாளர் பாலெஸ்டெரோஸ் வெளியிட்ட சூத்திரம் வசதியானது. நிற எண்ணை ‘நி’ என்று குறித்தால்:

வெப்பநிலை = 4600 × [ 1 ÷ (0.92 × நி + 1.7) + 1 ÷ (0.92 × நி + 0.62) ]

சூரியனின் நிற எண் 0.65ஐ இதில் இட்டால் 5,778 கெல்வின் கிடைக்கிறது. சுவாதி விண்மீனின் நிற எண் 1.23ஐ இட்டால் 4,250 கெல்வின் வருகிறது. நுணுக்கமான வேறு முறைகள் சுவாதிக்குத் தருவது ஏறத்தாழ 4,290. இந்த அளவு எளிமையான ஒரு சூத்திரத்துக்கு இது மிக நல்ல விடை.

காலமும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படுகையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மழை இல்லாத இரவிலும் மேகம் விலகி நிற்பதில்லை. மார்கழியில் வானம் தெளிந்தாலும், நீர் நிற்கும் சம்பா வயல்களின் நடுவே பனி கனமாக இறங்கும். லென்ஸின் முகப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலம் படிந்ததும், படத்தில் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் மங்கலான வளையம் தோன்றும். ஒளியின் ஒரு பகுதி அந்த வளையத்துக்குப் போய்விடுவதால் அளவீடு கெடும். தடித்த அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் ஒரு சாண் நீளக் குழலாக மாட்டினால் பனி படிவது வெகுவாகத் தள்ளிப்போகும். படிந்த பிறகு துணியால் துடைக்கக் கூடாது; கேமராவை உள்ளே கொண்டுபோய்த் தானாக உலர விடுவதே நல்லது.

மாசியும் பங்குனியும்தான் சிறந்த மாதங்கள். அறுவடை முடிந்த வயல்களில் ஈரம் குறைந்திருக்கும். வயலில் மிஞ்சிய நெல் தாளை எரிக்கும் இடத்துக்கு அருகிலும், போகியை ஒட்டிய இரவுகளிலும் அளக்கக் கூடாது, ஏனெனில் புகை நீலத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாகத் தடுக்கும். முழுநிலவு நாள்களையும் விட்டுவிட வேண்டும்: கும்பகோணத்தில் மாசி மகம் நடக்கும் இரவில் நிலவு மகம் விண்மீனின் அருகிலேயே நிற்கும் என்பதால், அன்று மகத்தை அளக்க முடியாது. தெருவிளக்கின் நேரடி ஒளி லென்ஸில் படாத இடமாக இருந்தால் ஊருக்குள்ளும் இந்த வேலை நடக்கும். பிரகாசமான விண்மீன்களுக்கு இருண்ட வானம் கட்டாயமில்லை.

மாசி நடுவில் இரவு எட்டு மணிக்கு நம் பகுதியில் வானத்தைப் பார்த்தால், வேலைக்கு வேண்டிய விண்மீன்கள் அனைத்தும் உச்சியைச் சுற்றித் திரண்டிருக்கும். திருவாதிரை ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. மேற்கே சற்றுச் சரிந்து ரோகிணி, வடக்கே கேப்பெல்லா, கிழக்கே புரோசியானும் புனர்பூசத்தின் பொல்லக்ஸும், தென்கிழக்கே சிரியஸ். எல்லாமே ஐம்பது பாகைக்கு மேல் உயரத்தில் இருப்பதால், அவற்றின் ஒளி கடந்து வரும் காற்றின் அளவு ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாது. சுமார் 11 பாகை வட அட்சரேகையில் இருப்பது நமக்கு அளிக்கும் பெரிய வசதி இது.

கேமராவைத் தொடும் முன், கண்ணால் ஒரு முறை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன்தரும். சாதாரண இருகண்ணோக்கியின் குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்தால், கூசும் புள்ளி ஒரு சிறு வட்டமாக விரிந்து, ரோகிணியின் ஆரஞ்சும் ரிகலின் நீல வெண்மையும் தெளிவாகத் தெரியும். மங்கலான விண்மீன்களில் இது பலிக்காது. குறைந்த ஒளியில் கண்ணின் நிற உணர்வு வேலை செய்வதில்லை.

படம் எடுத்தல்

50 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமானது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100 அல்லது 200இல் வைத்து, வெளிச்ச நேரத்தை இரண்டு முதல் ஐந்து நொடிக்குள் அமைத்து, கோப்பு வடிவத்தை ‘ரா’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபெக் படத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஜேபெக்கை உருவாக்கும்போது கேமரா நிறங்களைத் தன் விருப்பப்படி சமன்செய்து, ஒளிக்கும் எண்ணுக்கும் இடையே உள்ள நேர்விகிதத்தைக் குலைத்துவிடும். ரா கோப்பில் அந்த நேர்விகிதம் அப்படியே இருக்கும். ரா கோப்பு தரும் கைபேசியாலும் முயலலாம், ஆனால் குவியத்தைக் கையால் அமைக்க முடியாத கைபேசி உதவாது.

குவியத்தைக் கலைக்கும் படி மிக முக்கியமானது. கேமராவின் உணர்பரப்பில் ஒவ்வொரு நான்கு பிக்சலுக்கும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று நிறவடிகட்டிகள் பதிந்திருக்கின்றன. கூர்மையாகக் குவிந்த விண்மீன் இரண்டு மூன்று பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதன் நடுப்பகுதி ஒரு பச்சைப் பிக்சலின் மேல் விழுந்தால் விண்மீன் பச்சையாகவும், நீலப் பிக்சலின் மேல் விழுந்தால் நீலமாகவும் பதிவாகும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே விண்மீன் இரு வேறு நிறம் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பத்து முதல் பதினைந்து பிக்சல் அகலமுள்ள வட்டமாக விண்மீன் விரியும்படி குவியத்தைத் தளர்த்தினால், எல்லா நிறப் பிக்சல்களும் நியாயமான பங்கைப் பெறும்.

இரண்டாவது கவனம், நிரம்பி வழிதல். பதினான்கு பிட் ரா கோப்பில் ஒரு பிக்சல் காட்டக்கூடிய உச்ச எண் 16,383. வட்டத்தின் மிகப் பிரகாசமான பிக்சல் 10,000ஐத் தாண்டாதபடி வெளிச்ச நேரத்தைக் குறைக்க வேண்டும். பொல்லக்ஸைவிடச் சிரியஸ் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசமானது என்பதால், இரண்டுக்கும் ஒரே நேர அளவு பொருந்தாது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது ஒரே படத்துக்குள் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் மட்டுமே. வெளிச்ச நேரம் இரண்டையும் ஒரே மடங்கில் கூட்டிக் குறைப்பதால் விகிதம் மாறாது. லென்ஸையும் அதன் துளை அளவையும் மட்டும் இரவு முழுவதும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். விண்மீன் மினுக்கத்தின் பாதிப்பைக் குறைக்க, ஒவ்வொன்றுக்கும் பத்துப் படங்களாவது எடுத்துச் சராசரி காண்பது நல்லது.

எண்ணுதல்

சிரில் போன்ற இலவச மென்பொருளில் ரா கோப்பைத் திறந்து, நீலப் பிக்சல்களையும் பச்சைப் பிக்சல்களையும் தனிப் படங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் விண்மீனை முழுமையாக உள்ளடக்கும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் உள்ள எண்களைக் கூட்டுக. வெளியே, விண்மீன் ஒளி எட்டாத தொலைவில் ஒரு வளையம் போட்டு, அதிலுள்ள பிக்சல்களின் சராசரியைக் காண்க. அதுவே அந்தத் திசையில் வானத்தின் வெளிச்சம். அந்தச் சராசரியை வட்டத்திலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுத்தொகையிலிருந்து கழித்தால் மீதமிருப்பது விண்மீனின் ஒளி மட்டுமே. ஊர் விளக்குகளின் சாயம் இந்தக் கழித்தலில் பெரும்பாலும் நீங்கிவிடும்.

நீலத் தொகையைப் பச்சைத் தொகையால் வகுத்து, அதன் பத்தடிமான மடக்கையை −2.5ஆல் பெருக்கினால் கிடைப்பது கேமராவின் நிற எண். இது இன்னும் பி−வி ஆகவில்லை. உங்கள் கேமராவின் நீல வடிகட்டி ஜான்சனின் நீல வடிகட்டி அல்ல. இரண்டுக்கும் உள்ள உறவை நிற எண் ஏற்கெனவே அறியப்பட்ட விண்மீன்களைக் கொண்டு கண்டறிய வேண்டும். அவசரப்படுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். தாண்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மாசி வானம் இதற்கு ஏற்ற ஏணியைத் தருகிறது: பெல்லாட்ரிக்ஸ் −0.22, சிரியஸ் 0.00, புரோசியான் 0.42, கேப்பெல்லா 0.80, ரோகிணி 1.54. ஸ்டெல்லேரியம் மென்பொருளில் விண்மீனைச் சொடுக்கினாலும் இந்த எண்கள் தெரியும். வரைபடத் தாளில் கிடை அச்சில் கேமராவின் நிற எண்ணையும், செங்குத்து அச்சில் அட்டவணையின் பி−வி எண்ணையும் குறித்து, புள்ளிகளின் ஊடாக ஒரு நேர்கோடு வரைக. புள்ளிகள் கோட்டை ஒட்டி நின்றால் உங்கள் வேலை சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் வெகுவாக விலகினால், அந்த விண்மீனின் படம் நிரம்பி வழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திருவாதிரையைக் கோட்டில் சேர்க்க வேண்டாம், அதன் ஒளி மாறிக்கொண்டே இருக்கும். அளக்கப்போகும் விண்மீனையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விடையை முன்கூட்டியே கேள்விக்குள் எழுதிவிட்டதாகும்.

ஒரு கணக்கை முழுவதுமாகப் பார்ப்போம். சிரியஸுக்கு நீலத்தில் 60,000, பச்சையில் 1,00,000 என்று தொகை வந்ததாகவும், பொல்லக்ஸுக்கு நீலத்தில் 30,000, பச்சையில் 1,00,000 என்று வந்ததாகவும் வைத்துக்கொள்வோம். சிரியஸின் விகிதம் 0.6, அதற்குரிய கேமரா எண் 0.555. பொல்லக்ஸின் விகிதம் 0.3; கேமரா எண் 1.307. ஏணி விண்மீன்களின் கோடு சிரியஸ் புள்ளி வழியாகச் சென்று, அதன் சாய்வு 1.3 என்று கிடைத்திருந்தால், பொல்லக்ஸின் நிற எண் = 1.3 × (1.307 − 0.555) = 0.98. சூத்திரத்தில் இட, அடைப்புக்குள் முதல் பின்னம் 0.384, இரண்டாவது 0.657, கூட்டி 4600ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4,790 கெல்வின். அட்டவணைகள் பொல்லக்ஸுக்குத் தரும் நிற எண் 1.00 என்பதால், இப்படி ஒரு விடை வந்தால் மகிழ்ச்சியடையலாம்.

காற்றும் தூசியும்

உச்சிக்கு அருகில் உள்ள விண்மீனின் ஒளி காற்றுமண்டலத்தை ஒரு மடங்கு கடக்கிறது என்றால், முப்பது பாகை உயரத்தில் உள்ளதன் ஒளி இரண்டு மடங்கு கடக்கிறது. காற்று நீலத்தை அதிகம் சிதறடிப்பதால், கூடுதலான ஒவ்வொரு மடங்குக்கும் நிற எண் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வரை உயரும். கடலோரத்தின் உப்பு ஈரக் காற்றில் அது நாளுக்கு நாள் மாறும். அகத்தியர் விண்மீன் இதற்குத் தக்க சான்று. வேதாரண்யம் அருகே அகத்தியான்பள்ளி உப்பளங்களின் திறந்த வெளியிலிருந்து பார்த்தாலும்கூட, அது தெற்கே இருபத்தேழு பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதன் உண்மையான நிற எண் 0.15, காற்றைத் திருத்தாமல் விட்டால் அளவீடு 0.3ஐ எட்டிவிடலாம், சூத்திரத்தில் அது ஆயிரம் கெல்வினுக்கும் மேற்பட்ட வேறுபாடு.

திருத்தும் வழி நம் நிலத்தில் எளிது, ஏனெனில் அடிவானத்தை மறைக்க மலை எதுவும் இல்லை. சிரியஸ் உச்சத்திலிருந்து மேற்கே சாயும்வரை அரை மணிக்கு ஒரு முறை படம் எடுத்து, உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் ஒன்றை வகுத்தால், ஒளி கடக்கும் காற்று எத்தனை மடங்கு என்று தெரியும். அந்த மடங்குக்கு எதிராகக் கேமரா எண்ணைக் குறித்து வரையும் கோட்டின் சாய்வே அன்றைய இரவின் திருத்தம். கொள்ளிடக் கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் மேற்கு அடிவானம்வரை இப்படித் தொடர முடியும்.

விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசியும் இதே வகையில் ஒளியைச் சிவக்கச் செய்கிறது. நூறு ஒளியாண்டுக்குள் இருக்கும் சிரியஸ், பொல்லக்ஸ், சுவாதி போன்றவற்றுக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் உள்ள திருவாதிரைக்கும் கேட்டைக்கும் பொருட்படுத்த வேண்டும். தூசியால் கூடிய நிறத்தைக் கழிக்காமல் கணக்கிட்டால் வெப்பநிலை குறைவாக வரும்.

எதில் நம்பக் கூடாது

சித்திரை விண்மீனை அளந்து பார்த்தால் இந்த முறையின் எல்லை கண்கூடாகத் தெரியும். அதன் நிற எண் −0.23, சூத்திரம் தருவது ஏறத்தாழ 14,350 கெல்வின். அதன் முதன்மை விண்மீனின் வெப்பநிலையோ 20,000 கெல்வினை நன்றாகவே தாண்டியது. உச்சம் புற ஊதாவுக்குள் வெகுதூரம் சென்றுவிட்ட பிறகு, நீலமும் பச்சையும் உச்சத்திலிருந்து இறங்கும் ஒளிர்வுச் சரிவின் ஒரே ஓரத்தில் நிற்கின்றன. வெப்பநிலை இரட்டிப்பானாலும் அவற்றின் விகிதம் அரிதாகவே அசைகிறது. இத்தகைய விண்மீன்களுக்கு நிறத்தை விட்டு நிறமாலைக் கோடுகளை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தனிமங்களின் அணுக்கள் ஒளியை உறிஞ்சிய இடங்களில் தெரியும் கருங்கோடுகளை, நாட வேண்டும். எந்த வெப்பநிலையில் எந்தத் தனிமத்தின் அணுக்கள் எவ்வளவு அயனியாகும் என்பதற்கு இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920இல் தந்த சமன்பாடு, கோடுகளின் வலிமையிலிருந்து வெப்பநிலையைப் படிக்க வழி திறந்தது. 1925இல் வானியலாளர் சிசிலியா பெய்ன் அதைக் கொண்டு விண்மீன் வகைகளுக்கு வெப்பநிலை வரிசை அமைத்தார்.

மறுமுனையில், 4,000 கெல்வினுக்குக் கீழே வேறொரு தடை. திருவாதிரை போன்ற குளிர்ந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகி, பச்சை, சிவப்புப் பகுதிகளில் ஒளியை அகன்ற பட்டைகளாக விழுங்குகின்றன. அப்போது விண்மீன் கரும்பொருளைப் போல நடந்துகொள்வதில்லை. திருவாதிரையின் 1.85ஐச் சூத்திரத்தில் இட்டால் 3,330 கெல்வின் வருகிறது, உண்மையான மதிப்பு அதைவிடச் சில நூறு கெல்வின் கூடுதல். 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வெகுவாக மங்கியபோது, இந்தப் பட்டைகளை அளந்துதான் அதன் வெப்பநிலை பெரிதாகக் குறையவில்லை என்று கண்டார்கள். நிறத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

ஆக, இந்தச் செய்முறைக்கு உரிய களம் 4,000 முதல் 9,000 கெல்வின் வரை. அதற்குள்ளும் பிழை ஒரே அளவில் இருப்பதில்லை. நிற எண்ணில் 0.05 தவறினால் பொல்லக்ஸில் வெப்பநிலை 120 கெல்வின் மாறும். வேகாவைப் போன்ற விண்மீனில் அதே தவறு 600 கெல்வின் ஆகிவிடும். எனவே குறிப்பேட்டில் வெப்பநிலையை மட்டும் எழுதாமல், நாள், நேரம், உயரக் கோணம், லென்ஸ், வெளிச்ச நேரம், இரண்டு தொகைகள், ஏணிக் கோட்டின் சாய்வு ஆகியவற்றை முதலில் எழுதி, முடிவை ‘பொல்லக்ஸ், நிற எண் 0.98, பிழை 0.05, வெப்பநிலை 4,790 கெல்வின், பிழை 120’ என்ற வடிவில் பதிய வேண்டும். தொகைகள் எழுதப்பட்டிருந்தால், பின்னாளில் நல்ல ஏணிக் கோடு கிடைக்கும்போது படத்தை மீண்டும் எடுக்காமலே விடையைத் திருத்திக்கொள்ள முடியும்.